சௌகார்பேட்டை முதல் பர்மா பஜார் வரை: ஜார்ஜ் டவுனில் சாப்பிட்டுச் சாமான் வாங்க முழுமையான வழிகாட்டி

சென்னை ஜார்ஜ் டவுனுக்குச் சாப்பிடப் போகிறவர்கள் சொதப்புவது பெரும்பாலும் வரிசையில்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் காரில் வந்து இறங்குவார்கள். கண்ணில் பட்ட முதல் கடையில் ஆளுக்கு ஒரு தட்டு ஜிலேபி, ஆளுக்கு ஒரு பெரிய கிளாஸ் லஸ்ஸி. இரண்டாவது கடைக்குள் வயிறு நிறைந்துவிடும். மளிகை வாங்கலாம் என்று திரும்பினால் ஷட்டர் இறங்கியிருக்கும். கடைகள் எல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன. எப்போது, எந்தப் பக்கமிருந்து, எதை முதலில் என்பதைச் சரிசெய்துவிட்டால் இதே ஊர் இரண்டு அருமையான மாலைகளைத் தரும்.

இரண்டு மாலைகள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சௌகார்பேட்டையையும் மண்ணடி, பர்மா பஜார் பக்கத்தையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் இரண்டுமே அரைகுறையாகும்.

1. முதலில் இடத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

பிராட்வே என்று இன்னும் எல்லோரும் சொல்லும் பிரகாசம் சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது. அதற்கு மேற்கே சௌகார்பேட்டை, கிழக்கே மண்ணடி, இன்னும் கிழக்கே ராஜாஜி சாலையை ஒட்டி பர்மா பஜார், பீச் ஸ்டேஷன். தெற்கு எல்லையாக என்.எஸ்.சி. போஸ் சாலை குறுக்கே போகிறது. மேற்குக் கோடியில் வால்டாக்ஸ் ரோடு.

இந்த நான்கு கோடுகளும் மனதில் இருந்தால் சந்துக்குள் போன் வரைபடம் தடுமாறினாலும் கவலை இல்லை. தங்கசாலைத் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு, தம்புச் செட்டித் தெரு என்று பெரிய தெருக்கள் பலவும் வடக்கு தெற்காகவே ஓடுகின்றன. வழி தவறினால் தெற்குப் பக்கமாக நடந்தால் போதும், என்.எஸ்.சி. போஸ் சாலைக்கு வந்துவிடலாம்.

சாப்பாடும் இதே கோடுகளில்தான் பிரிகிறது. சௌகார்பேட்டையில் மார்வாடி, குஜராத்தி குடும்பங்கள் அதிகம். ஜெயின் சமூகத்தார் நிறைய. அதனால் தின்பண்டக் கடைகள் பெரும்பாலும் சுத்த சைவம். மண்ணடியில் கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம் வணிகக் குடும்பங்களின் சமையல். பர்மா பஜார் ஓரத்தில் 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ, மொய்ங்கா என்ற பர்மிய நூடுல்ஸ் வகைகள்.

2. நாளையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

வார நாளில் போங்கள். செவ்வாய், புதன், வியாழன் நல்லது. ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரக் கடைகள் மூடியிருக்கும். தெருவில் நடக்க இடம் கிடைக்கும், ஆனால் வாங்க ஒன்றும் கிடைக்காது. சனிக்கிழமை மாலை நெரிசல் அதிகம்.

சௌகார்பேட்டைக்கு மூன்றரை, நான்கு மணிக்குப் போய்ச் சேருவது சரி. மளிகைக் கடைகள் இரவுக்கு முன்பே கணக்கை முடித்துவிடும். இட்லி, ஊத்தப்பக் கடைகளோ மாலைக்கு மேல்தான் சூடு பிடிக்கும். நான்கு மணிக்கு உள்ளே நுழைந்தால் இரண்டும் கைக்கு எட்டும். ஆறு மணிக்கு வந்தால் மளிகை போய்விடும். காலை பதினோரு மணிக்கு வந்தால் மாலைக் கடைகள் இருக்காது.

மண்ணடிக்கு வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம். ஜும்ஆ தொழுகைக்குப் பல கடைகள் சாத்தியிருக்கும். ரமலான் மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். நோன்பு திறந்த பிறகு தெரு விழித்துக்கொண்டு வெகுநேரம் வரை களைகட்டும். ரமலான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே நகர்வதால் அந்த ஆண்டுத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெயின் சமூகத்தின் பர்யூஷண் நோன்பு நாட்கள் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும். அப்போது சௌகார்பேட்டையில் சில கடைகள் மூடியிருக்கலாம், சில பண்டங்கள் இல்லாமல் போகலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை வலுத்த நாளில் போக வேண்டாம். குறுகலான தெருக்களில் தண்ணீர் தேங்கினால் நடப்பதே பெரும்பாடு.

3. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

- ஒரு லிட்டர் தண்ணீர், வீட்டிலிருந்து. வெளியில் வயிற்றைக் கெடுப்பதில் தண்ணீருக்கும் ஐஸுக்கும் பெரிய பங்கு உண்டு.
- இரண்டு துணிப் பைகள், மூடி இறுகும் இரண்டு டப்பாக்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. சின்னக் கடைகள் தரும் காகிதப் பை எண்ணெய் பட்டால் கிழிந்துவிடும்.
- பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகள். யுபிஐ எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆனால் கூட்ட நேரத்தில் சிக்னல் சிக்கினால் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள்.
- கைக்குட்டை, கை கழுவும் சோப்புத் தாள். பல கடைகளில் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும், குழாய் இருக்காது.
- விரல் மூடிய செருப்பு அல்லது ஷூ. கைவண்டிச் சக்கரம் காலில் ஏறுவது இங்கே சாதாரணம்.

கார் கொண்டுவராதீர்கள். நிறுத்த இடம் கிடைக்காது, தங்கசாலைத் தெருவுக்குள் ஆட்டோக்காரர்களே வரத் தயங்குவார்கள்.

4. மூன்று பேராகப் போங்கள்

மூன்று அல்லது நான்கு பேர்தான் சரியான எண்ணிக்கை. ஒரு தட்டை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு நாலு வாய். ஆறு கடை வரை தாங்கும். தனியாகப் போனால் மூன்று கடைக்கு மேல் முடியாது. ஆறு பேருக்கு மேல் போனால் நிற்க இடம் தேடியே நேரம் போய்விடும்.

விதி ஒன்றே ஒன்று: எந்தக் கடையிலும் முதலில் ஒரு தட்டுதான். பிடித்திருந்தாலும் இரண்டாவது தட்டு வாங்கும் முன் அடுத்த கடையைப் பார்த்துவிடுங்கள். புதிதாக வருகிறவர்கள் அதிகம் மீறுவது இதைத்தான்.

மதியச் சாப்பாட்டைத் தவிர்க்க வேண்டாம். காலி வயிற்றில் போனால் முதல் கச்சோரியிலேயே நெஞ்சு எரியும். பன்னிரண்டு மணிக்குத் தயிர் சாதம் மாதிரி லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.

5. மேற்கிலிருந்து உள்ளே நுழையுங்கள்

சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கி வால்டாக்ஸ் ரோட்டில் வடக்காக நடந்து, யானைக்கவுனித் தெருவில் வலப்பக்கம் திரும்பினால் தங்கசாலைத் தெரு. பத்துப் பதினைந்து நிமிட நடை.

உயர் நீதிமன்ற மெட்ரோவில் இறங்கி பூக்கடை வழியாக வருவதும் முடியும். ஆனால் அந்தப் பக்கம் பாத்திரம், துணி, பூ என்று வேறு வியாபாரக் கூட்டம். சாப்பாட்டுக்கு வந்து சேருமுன் களைத்துவிடுவீர்கள். மேற்கிலிருந்து நுழைந்து தென்கிழக்காக நகர்ந்தால், முடிக்கும்போது உயர் நீதிமன்ற ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கும். சுமையோடு திரும்பி நடக்க வேண்டியதில்லை.

6. முதல் சுற்று: காரம், பொரித்தது, சின்ன அளவு

தங்கசாலைத் தெருவில் முதலில் கச்சோரி, பிறகு ஆலு டிக்கி, பிறகு முறுக்கு சாண்ட்விச். இந்த மூன்றோடு நிறுத்துங்கள்.

கச்சோரிக் கடையில் சட்டியைப் பாருங்கள். நல்ல கச்சோரி மிதமான சூட்டில் நிதானமாகப் பொரியும். எண்ணெயில் சின்னச் சின்னக் குமிழிகள் எழ, கச்சோரி மெதுவாக உப்பி, நிறம் சீராக ஏறும். எண்ணெய் புகைந்துகொண்டிருந்தால் மேல்தோல் சிவந்து உள்ளே மாவு வேகாமல் நிற்கும். எண்ணெய் கறுத்து, ஓரத்தில் பிசுக்கென்று நுரை கட்டியிருந்தால் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய். அந்தக் கடை எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும் தாண்டிப் போங்கள்.

பாசிப்பருப்புக் கச்சோரி, வெங்காயக் கச்சோரி இரண்டும் இருந்தால் அங்கேயே சாப்பிட வெங்காயம், வீட்டுக்குப் பருப்பு. காரணம் கடைசிப் பகுதியில் வருகிறது.

ஆலு டிக்கிக்கும் ஜிலேபிக்கும் தங்கசாலைத் தெருவில் காக்கடா ராம்பிரசாத் பெயர் பெற்ற கடை. டிக்கி தட்டைக்கல்லின் ஓரத்தில் அடுக்கியிருக்கும். கேட்டதும் நடுவுக்கு இழுத்து அழுத்தி முறுகவிட்டுத் தருவார்கள். "நல்லா முறுகலா" என்று சொல்லி வாங்குங்கள். சொல்லாவிட்டால் கூட்ட நேரத்தில் ஓரத்து டிக்கியே தட்டுக்கு வந்துவிடும்.

முறுக்கு சாண்ட்விச் என்பது இரண்டு முறுக்குக்கு நடுவே தக்காளி, வெள்ளரி, சட்னி, சீஸ் வைத்தது. ஒரு நிமிடத்துக்குள் சாப்பிட வேண்டும். சட்னி ஊறினால் முறுக்கு சவசவத்துப்போகும். படம் எடுத்துக்கொண்டு நிற்பவர்களுக்கு இது ருசிக்காது.

சாட் வகைகளில் கவனமாக இருக்க வேண்டியது பச்சைச் சட்னியும் பானி பூரித் தண்ணீரும்தான். பொரித்த பண்டத்தில் சூடு கிருமியைக் கொன்றுவிடுகிறது. பச்சையாக அரைத்துச் சாயங்காலம் முழுக்க வெளியில் இருக்கும் சட்னிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வயிறு லேசாகக் கெடக்கூடியவர்கள் புளிச் சட்னி மட்டும் கேட்கலாம்.

வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு வேண்டாம் என்றால் ஆர்டர் சொல்லும் முன்பே "ஜெயின்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாவ் பாஜியில் உருளைக்கு வாழைக்காய் போட்டுத் தருவார்கள். பாதியில் சொன்னால் மாற்ற முடியாது. மசாலா முன்பே கலந்திருக்கும்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். கடைக்காரர்கள் நன்றாகத் தமிழ் பேசுவார்கள். "பையா" என்றோ "அண்ணா" என்றோ கூப்பிடலாம். வெளியில் வாங்கிய அசைவப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கடைகளுக்குள் போகாதீர்கள்.

7. சாப்பாட்டை நிறுத்தி, சாமான் வாங்குங்கள்

இப்போது மணி ஐந்தைத் தொட்டிருக்கும். கோவிந்தப்ப நாயக்கன் தெரு, கொத்தவால் சாவடி பக்கம் நகருங்கள். காய்கறி மொத்தச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும் பலசரக்கு வியாபாரம் இங்கே தொடர்கிறது. அடுத்த சுற்றுக்கு வயிற்றில் இடம் செய்வதும் இந்த ஒரு மணி நேர நடைதான்.

முதலில் கேட்க வேண்டியது: "சில்லறையா தருவீங்களா?" மூட்டைக் கணக்கில் விற்கும் கடையில் கால் கிலோ கேட்டால் நேரம்தான் வீண். சில்லறைக்கு விற்கும் மூன்று கடைகளில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள். ஒரே பாதாம், முந்திரி என்றாலும் தரம் வாரியாக விலை மாறும். எந்தத் தரத்தின் விலை என்று கேட்காமல் கடைக்குக் கடை ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

வாங்கத் தகுந்தவை, பார்க்க வேண்டியவை:

காக்ரா. குஜராத்திகளின் மெல்லிய மொறுமொறு ரொட்டி. ஒன்றை உடைத்துப் பார்க்கக் கேளுங்கள். பட்டென்று உடைய வேண்டும். வளைந்து உடைந்தால் ஈரம் ஏறிவிட்டது. முகர்ந்தால் பழைய எண்ணெய் வாடை வரக்கூடாது. வெந்தயக்கீரை, சீரகம் இரண்டிலும் கால் கிலோ போதும்.

பெருங்காயம். தூளாகவோ கட்டியாகவோ விற்பதில் பெரும்பகுதி மாவும் பிசினும் கலந்த கூட்டுப் பெருங்காயம். அந்த மாவு பல சமயம் கோதுமை அல்லது மைதா. கோதுமை ஒவ்வாதவர்கள் கேட்டு வாங்க வேண்டும். கலப்பில்லாதது விலை பல மடங்கு; 10 கிராம் பல மாதம் வரும்.

கேர் சாங்ரி. ராஜஸ்தான் பாலைவனத்து உலர்காய்கள். சாங்ரி கருமையடிக்காமல் பழுப்பாக, மெல்லிசாக இருக்க வேண்டும். தடித்திருந்தால் முற்றல், நார் சிக்கும். 100 கிராம் நான்கு பேருக்குப் போதும். ஊறினால் நன்றாகப் பெருகும்.

மங்கோடி. பாசிப்பருப்பு அரைத்துக் கிள்ளி வைத்துக் காயவைத்த வடகம். பொடிப்பொடியாக உதிர்ந்து கிடக்கும் பாக்கெட் வேண்டாம்.

அப்பளம். மிளகு தட்டிப் போட்ட உளுந்து அப்பளம் இங்கே நன்றாக இருக்கும். அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்து லேசாக வளைத்துப் பாருங்கள். சற்று வளைந்து கொடுத்தால் புதிது.

பாக்கெட்டில் வாங்கினால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தேதியும் இருக்கிறதா பாருங்கள். கடையே கட்டித் தரும் பொட்டலத்தில் இவை இருக்காது. அங்கே உங்கள் மூக்குதான் சாட்சி. நிலக்கடலை, பாதாம், பிஸ்தா ஒவ்வாமை உள்ளவர்கள் மிக்சர் வகைகளை உதிரியாக வாங்காதீர்கள். ஒரே கரண்டி எல்லா டப்பாவுக்குள்ளும் போகிறது.

8. இரண்டாம் சுற்று: இட்லி, பிறகு இனிப்பு

ஆறரை மணிக்கு மேல் என்.எஸ்.சி. போஸ் சாலைக்கு வாருங்கள். சீனா பாய் கடையில் பொடி தூவி நெய் ஊற்றிய இட்லியும் தடித்த ஊத்தப்பமும் மாலையில்தான் கிடைக்கும். சின்ன இடம், நின்றுதான் சாப்பிட வேண்டும். மூன்று பேருக்கு ஒரு தட்டு இட்லி, ஒரு ஊத்தப்பம். தட்டு கைக்கு வரும்போது இட்லியின் மேல் நெய் பளபளவென்று ஓடிக்கொண்டிருக்கும், ஓரத்தில் பொடியோடு கலந்து செம்மண் நிறத்தில் தேங்கும். இட்லியை முதலில் அந்தத் தேக்கத்தில் புரட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்; மேலே உள்ள நெய் ஆறிக் கட்டுவதற்குள் முடிக்க வேண்டும்.

காரமும் நெய்யும் முடிந்த பிறகே இனிப்பு. ஜிலேபி 100 கிராம் மூவருக்கு. பாகிலிருந்து அப்போது எடுத்ததாக இருந்தால் கடிக்கும்போது மேல்தோல் நொறுங்கி உள்ளே பாகு வடியும். தட்டில் குவித்து வைத்தது அரைமணியில் துவண்டுவிடும். சட்டியில் எப்போது அடுத்தது விழும் என்று கேட்டுக் காத்திருப்பதில் தவறில்லை.

உதிரியாக விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று தட்டருகே எழுதி வைக்க வேண்டும் என 2020 அக்டோபர் 1 முதல் விதி கொண்டுவந்தார்கள். பால் இனிப்பு வாங்கும்போது கட்டாயம் பாருங்கள்.

லஸ்ஸி எப்போதும் கடைசி. கெட்டித் தயிரும் சர்க்கரையும் மேலே ஆடையும் சேர்ந்து அதுவே ஒரு வேளைச் சாப்பாடு. ஐஸ் போடாமல் குளிரவைத்த லஸ்ஸியாகக் கேளுங்கள், மூவருக்கு ஒன்று.

ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் தீஜ், ரக்‌ஷாபந்தன் சமயம் போனால் கேவர் என்ற ராஜஸ்தானி இனிப்பைத் தேடுங்கள். ஜனவரியில் பொங்கலை ஒட்டி வரும் உத்தராயணத்துக்கு உந்தியு என்ற குஜராத்திக் காய்கறிக் கூட்டு. ஆண்டு முழுக்கக் கிடைக்கும் ஜிலேபிக்கு முன்னால் இவற்றுக்கு இடம் கொடுங்கள்.

9. இரண்டாவது மாலை: மண்ணடி, பிறகு பர்மா பஜார் ஓரம்

மண்ணடி மெட்ரோவில் ஐந்து மணிக்கு இறங்கி, கிழக்காக நடந்து, பீச் ஸ்டேஷனில் முடியுங்கள். அங்கிருந்து தாம்பரம் மின்சார ரயில் இருக்கிறது.

மண்ணடியில் முதலில் பேரீச்சம்பழம், உலர்பழம் வாங்குங்கள். பேரீச்சையை விரலால் அழுத்தினால் மென்மையாக இருக்க வேண்டும். மேலே வெள்ளையாகச் சர்க்கரை பூத்திருந்தால் பழையது, கெட்டதாகாது, ஆனால் விலை குறைத்துக் கேட்கலாம். சாப்பாட்டில் பிரியாணியை நாடிப் போகவேண்டிய தேவை இல்லை, அது எங்கும் கிடைக்கிறது. வட்டலாப்பம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்: தேங்காய்ப்பால், முட்டை, வெல்லம் அல்லது சர்க்கரை சேர்த்து ஆவியில் வேகவைத்த இனிப்பு. தினமும் எல்லாக் கடையிலும் இருக்காது. ரமலானில் நோன்புக் கஞ்சியும் வடையும் கட்டாயம் சாப்பிடுங்கள். மசூதி, தொழுகை, பெண்கள் பக்கம் கேமராவைத் திருப்பும் முன் கேளுங்கள்.

ஏழு மணி வாக்கில் செகண்ட் லைன் பீச் தெரு, பர்மா பஜார் பக்கத்து அத்தோ வண்டிகளுக்கு வாருங்கள். வேகவைத்த நூடுல்ஸ், மெல்லிசாக அரிந்த முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு, கொத்தமல்லி, மேலே நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறு பொரித்த தட்டை. எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். அதனால் வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது கைதான்: பிசையும் கை காசைத் தொடுகிறதா, இடையிடையே கழுவுகிறார்களா, கையுறை போட்டிருந்தால் அதோடேயே காசும் வாங்குகிறார்களா.

"காரம் கம்மி, புளி தூக்கலா" என்று முதலிலேயே சொல்லுங்கள். பிசைந்த பிறகு காரத்தைக் குறைக்க வழியில்லை. காரம் சேர்ப்பது சுலபம். கூடவே வரும் வாழைத்தண்டு சூப்பை ஆறவிடாமல் குடியுங்கள். அடுத்து, அவித்த முட்டையைப் பிளந்து வறுத்த வெங்காயம், பூண்டு, புளித்தண்ணீர் வைத்துத் தருவதை ஒன்று சாப்பிடுங்கள். மூவருக்கு ஒரு அத்தோ, ஒரு மொய்ங்கா, ஆளுக்கு ஒரு முட்டை என்பது சரியான கணக்கு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் முட்டையும் கறியும் இல்லாமல் அத்தோ கேட்கலாம், தருவார்கள். ஆனால் கிண்ணமும் கையும் ஒன்றுதான். மொய்ங்கா பர்மாவில் மீன் குழம்போடு செய்வது. இங்கே வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் சூப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

அத்தோவைப் பார்சல் வாங்குவதானால் பேஜோ தனி, புளித்தண்ணீர் தனி, நூடுல்ஸ் தனி. கலந்து கட்டினால் வீடு வரும்முன் ஊறிக் கூழாகிவிடும். அன்றிரவே சாப்பிட வேண்டும்.

வெங்காயக் கச்சோரி மறுநாளைக்குத் தாங்காது. வெங்காயத்தின் ஈரம் உள்ளிருந்தே மாவை நமுக்கவைத்துப் புளிக்கச் செய்துவிடும். பருப்புக் கச்சோரியின் பூரணம் வறண்டது, அதனால் காற்றுப் புகாத டப்பாவில் சில நாள் நிற்கும். சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், தோல் ரப்பராகிவிடும். தோசைக்கல்லில் எண்ணெயில்லாமல், சிறு தீயில், மூடாமல், திருப்பித் திருப்பி ஏழெட்டு நிமிடம்.

கேவரைப் பாகும் ரப்டியும் (சுண்டக் காய்ச்சிய இனிப்புப் பால்) ஊற்றாமல் வாங்கினால் சில நாள் வைத்துக்கொள்ளலாம். ரப்டி ஊற்றியது அன்றைக்கே.

மங்கோடியைக் குழம்பில் போடுமுன் ஒரு ஸ்பூன் எண்ணெயில் பொன்னிறமாக வறுக்க வேண்டும். நேராகப் போட்டால் கரைந்துபோகும்.

கேர் சாங்ரியைக் கல்லும் தூசும் போக நாலைந்து முறை அலசி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். கேரில் கசப்பு அதிகம், அதனால் அதைத் தனிக் கிண்ணத்தில் உப்புப் போட்டு ஊறவைத்து, தண்ணீரை இரண்டு முறை மாற்றுங்கள். காலையில் இரண்டையும் புதுத் தண்ணீரில் மெத்தென்று ஆகும்வரை வேகவைத்து வடித்துவிட்டு, எண்ணெய் சற்றுத் தாராளமாக விட்டு, சீரகம், காய்ந்த மிளகாய், மல்லித்தூள், மாங்காய்ப் பொடி சேர்த்து வதக்குங்கள். ஊறிய தண்ணீரைக் குழம்பில் சேர்க்காமல் கொட்டிவிடுங்கள். கசப்பு முழுக்க அதில்தான் இறங்கியிருக்கும்.